பிசிறில்லாத வட்டம்

வார்னிஷ் பளபளக்கும் டிவி அலமாரியில் வயர் நுழைய ஒரு துளை வேண்டும். சின்னச் சின்ன ஓட்டைகளை வட்டமாகப் போட்டு, நடுவே உளியால் தட்டி எடுப்பவர்கள் இன்றும் உண்டு. ஓரம் பெயர்ந்து, பல மாத உழைப்பு ஒரே நொடியில் பாழாகிறது. இதை ஏற்கவே கூடாது.

கடைகளில் ‘ஹோல் சா’ என்று கேட்டால் கிடைக்கும் வட்ட ரம்பம் இதற்கென்றே உள்ளது. வயரின் தடிமனை அல்ல, பிளக்கின் தலையை அளந்து ரம்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, மெதுவான வேகத்தில் அறுக்க வேண்டும். வேகம் கூடினால் மரம் கருகும்.

பல் வெளியேறும் பக்கத்தில்தான் ஆபத்து. அங்கே மர நார்களுக்குப் பிடிமானம் இல்லாததால் சிம்பு சிம்பாகப் பெயர்கின்றன. ஆகவே, ரம்பத்தின் நடுவிலுள்ள பிட்டின் முனை மறுபுறம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து அறுத்து முடிப்பதே சரி. பின்னால் கை போகாத இடமென்றால், ஒரு கழிவுப் பலகையை இறுக்கமாக முட்டுக் கொடுக்கலாம்.

துளைக்கு ரம்பம் என்றால், அலமாரிக் கதவின் மறைவுக் கீலுக்கான 35 மி.மீ. குழிக்கு ஃபோர்ஸ்ட்னர் பிட் பொருத்தமானது. அமெரிக்கத் துப்பாக்கிக் கொல்லரான பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874-இல் காப்புரிமை பெற்ற கருவி அது; விளிம்பு முதலில் நாரை வெட்டுவதால் ஓரம் சுத்தமாக வரும்.

கருவிக்கு ஆகும் சில நூறு ரூபாயைத் தச்சரிடம் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். வேலை தொடங்குமுன், அதே வகைப் பலகைத் துண்டு ஒன்றில் ஒரு துளை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.