காவற்கூலி

தஞ்சைக் களத்துமேட்டில் ஊர்க்காவலர்க்கு நெல்லளந்தோர், பிடிபட்ட கள்வரை எண்ணி அளந்தாரல்லர்; காத்து நின்றமைக்கே அளந்தனர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கும் அம்முறையே வேண்டும். பழைய மருந்துகளுக்கு நோயுயிரிகள் அடங்க மறுக்கின்றன. புதியதையோ அரிதாகவே வழங்குதல் வேண்டும். வாரி வழங்கின் அதுவும் விரைவிற் பயனற்றுப்போம். விற்பனை குறைந்தால் ஆக்கியவர்க்கு ஊதியம் ஏது? பிளாசோமைசின் மருந்துக்கு 2018இல் இசைவு பெற்ற அமெரிக்க நிறுவனம் மறு ஆண்டே நொடித்தது!

தமிழ்மண்ணில் அறிவுக்குப் பஞ்சமில்லை. மருந்தைச் சிதைக்கும் நோயுயிரியின் நொதியைத் தடுக்கும் என்மெட்டாசோபாக்டம், சென்னை ஆர்க்கிடு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு. 2024இல் அமெரிக்க இசைவு பெற்றது. வளர்த்தெடுத்ததோ அயல்நாட்டு நிறுவனம்! பிரித்தானிய அரசு 2022இல் இரு மருந்துகளுக்கு, விற்ற அளவு நோக்காது, ஆண்டுக்கு ஒரு கோடி பவுன் வரை தனித்தனியே அளக்கத் தொடங்கிற்று. தில்லியும் அவ்வாறே அளக்கட்டும்.