தனிக்குடிலின் தண்ணீர்க் கணக்கு

காட்டின் ஓரத்தில், தன் கையாலேயே எழுப்பிய குடிலில், எவரையும் சாராமல் தனித்து வாழ வேண்டும் என்ற விருப்பம் நகரம் நெருக்கும்போதெல்லாம் மனிதரிடம் எழுவது இயல்பு. பெங்களூரின் வடகிழக்கில், ரயில் பாதையும் மேம்பாலமும் ஊடறுத்துச் செல்லும் லிங்கராஜபுரத்தில், வீட்டுச் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் சந்துகளில் வாழும் குடும்பங்களுக்கும், வேலை தேடி வந்து ஒற்றை அறையில் தங்கியிருப்போருக்கும் அந்த ஏக்கம் தோன்றினால், அதைப் பொறுப்பிலிருந்து தப்பும் முயற்சி என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. குறைவாக நுகர வேண்டும், தன் தேவை இவ்வளவுதான் என்று தானே அறிந்து வாழ வேண்டும் என்ற அறவுணர்வும் அதற்குள் இருக்கிறது. ஆயினும், அக்குடில் யாருடைய நிலத்தில் நிற்கும், அதற்கான நீர் எங்கிருந்து வரும் என்ற இரு கேள்விகளையும் தவிர்த்துவிட்டுத் தற்சார்பைப் பற்றி, அதாவது உணவு, நீர், உறையுள், எரிபொருள் ஆகியவற்றைத் தன் உழைப்பாலேயே ஈட்டிக்கொள்ளும் வாழ்க்கையைப் பற்றிப் பேச இயலாது.

இவ்வாழ்க்கைக்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் அமெரிக்கச் சிந்தனையாளர் ஹென்றி டேவிட் தோரோ, 1845 ஜூலை 4 அன்று வால்டன் குளக்கரையில் 10 அடி அகலமும் 15 அடி நீளமும் கொண்ட குடிலில் குடியேறி, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாக அங்கே வாழ்ந்தார். குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். அந்த நிலம் நண்பர் எமர்சனுடையது, மரம் வெட்டிய கோடரி இரவல் வாங்கியது, சுவருக்கான பலகைகளோ, ரயில் பாதையில் வேலை செய்த ஓர் அயர்லாந்துத் தொழிலாளியின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கிப் பிரித்து எடுத்தவை. தோரோ இவற்றில் எதையும் மறைக்கவில்லை என்பதே அவருடைய நேர்மை. ஆனால் அவரைப் போற்றுவோர் குளத்தையும் தனிமையையும் நினைவில் வைத்துக்கொண்டு, குடிசையை விற்றுவிட்டு மூட்டையோடு வெளியேறிய அந்தக் குடும்பத்தை மறந்துவிடுகிறார்கள். 1968-இல் அலாஸ்காவின் இரட்டை ஏரிப் பகுதியில் கைக்கருவிகளை மட்டும் கொண்டு மரக்குடில் கட்டி, ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கே வாழ்ந்த ரிச்சர்டு புரோனெக்கிக்கும் கடிதங்களையும் உணவுப் பொருள்களையும் கொண்டுவந்து சேர்க்க ஒரு சிறு விமானம் தேவைப்பட்டது.

தமிழ் நிலத்தில் இதற்கு நெருக்கமான சான்று திருவண்ணாமலையில் கிடைக்கிறது. 1896-இல் அங்கு வந்து சேர்ந்த ரமண மகரிஷி, 1899 முதல் 1916 வரை பெரும்பாலும் விருபாட்சி குகையில் தங்கியிருந்தார். கோடையில் அங்கே நீர் வற்றிவிடும் என்பதால் அந்த மாதங்களை மாமரத்துக் குகையில் கழித்தார். பின்னர் கந்தசாமி என்ற அன்பர், மலைச் சரிவில் மண்டிக்கிடந்த கள்ளிப் புதரை வெட்டிச் சமப்படுத்தி, தன் உழைப்பால் ஓர் உறைவிடத்தை எழுப்பினார். அதுவே 1916 முதல் 1922 வரை ரமணர் வாழ்ந்த கந்தாச்சிரமம். அந்த இடத்துக்கு வலிமை சேர்த்தது அருகிலிருந்த வற்றாத ஊற்று. எச்சம்மாள், முதலியார் பாட்டி ஆகியோர் நாள்தோறும் சமைத்துக்கொண்டு மலையேறி வந்ததும், உடனிருந்தோர் ஊருக்குள் சென்று பிச்சையேற்று வந்ததும் அந்த வரலாற்றின் பகுதிகளே. துறவின் தனிமையைக்கூட ஓர் ஊர் சோறிட்டுக் காத்தது என்பதும், உறைவிடம் எங்கே அமைய வேண்டும் என்பதை நீரே முடிவு செய்தது என்பதும் இதில் தெளிவாகின்றன.

இன்றைய இந்தியாவில் ஒருவர் கோடரியுடன் காட்டுக்குள் சென்று குடில் கட்ட இயலாது. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தடுக்கின்றன, தடுப்பதும் சரியே. ஆனால் அவ்வாறு வாழ்வதற்கான அறிவைத் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டிருந்தவர்களுக்கும் அதே தடை விழுந்ததுதான் பெருங்கொடுமை. சாமராஜநகர் மாவட்டத்துப் பிலிகிரிரங்கன் மலையில், மூங்கிலும் மண்ணும் கொண்டு தங்கள் கையால் வீடு கட்டி, ராகி விளைவித்து, தேனும் நெல்லியும் சேகரித்து வாழ்ந்த சோளகர்கள், 1974-இல் அம்மலை சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு இடம் மாற்றப்பட்டனர். 2006-இன் வன உரிமைச் சட்டம் வந்து, 2011-இல் அவர்களுடைய கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை, அதாவது தனி நபருக்கு அல்லாமல் ஊருக்கே உரிய வனப் பயன்பாட்டு உரிமை, அளிக்கப்படும் வரை அந்த வாழ்க்கை குற்றத்தின் நிழலிலேயே நடந்தது. சோளகரின் தற்சார்பு தனி மனிதருடையதாக ஒருபோதும் இருந்ததில்லை. தேன் எடுக்க மரமேறுபவருக்குக் கீழே நின்று உதவ வேறொருவர் வேண்டும்.

காடு கிடைக்காத நகரவாசிக்கு விளைநிலம் எளிதில் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. விவசாயி அல்லாதவர்களும், ஆண்டு வருமானம் 25 லட்சம் ரூபாயைத் தாண்டியவர்களும் வேளாண் நிலம் வாங்குவதைத் தடுத்துவந்த கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டப் பிரிவுகள் 2020-இல் நீக்கப்பட்டன. பெங்களூரைச் சுற்றிலும் பண்ணை மனைகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. அங்கே ஆழ்துளைக் கிணறும் காவலாளும் மின்வேலியும் கொண்டு நடப்பது தற்சார்பு ஆகாது.

பெங்களூருக்குள்ளேயே நடந்த ஒரு முயற்சி, காட்டுக் குடிலைவிடக் கூடுதலாகக் கற்பிக்கிறது. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இயங்கும் கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் அறிவியலாளர் ஏ.ஆர். சிவகுமார், 1995 முதல் விஜயநகரில் உள்ள தம் வீட்டை மழைநீரை மட்டுமே கொண்டு நடத்தினார். நகரின் நெடுங்கால மழைப் பதிவுகளை ஆராய்ந்து, இரு நல்ல மழைகளுக்கு இடையே அதிகபட்சம் 100 நாள் இடைவெளி இருக்கும் என்று கண்டறிந்து, குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 400 லிட்டர் தேவை என்பதால் 45,000 லிட்டர் கொள்ளும் தொட்டிகளை அமைத்தார். தேவையை அளந்து, இடைவெளியை அளந்து, அதற்கேற்பச் சேமித்த இந்தப் பொறுமையான கணக்குதான் தற்சார்பின் உயிர்.

அதே கணக்கை லிங்கராஜபுரத்தில் போட்டுப் பார்க்கலாம். 20க்கு 30 அடி சைட்டு ஒன்றின் பரப்பு 600 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெறும் நகரில், கழிவு போக ஐந்தில் நான்கு பங்கைச் சேமித்தால் அந்தக் கூரை 43,000 லிட்டர் தரும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 118 லிட்டர். நகர்ப்புறத்தில் ஒருவருக்குத் தேவை என்று அரசு வகுத்த அளவு 135 லிட்டர். சற்றுச் சிக்கனமாக இருந்தால் தனியொருவர் அந்தக் கூரையை நம்பி வாழ்ந்துவிடலாம். ஆனால் அந்தச் சைட்டில் மூன்று தளங்கள் எழுந்து, தளத்துக்கு ஒரு குடும்பம் வாழ்கிறது. எஞ்சிய நீர், 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு மின்சாரத்தால் ஏற்றப்படும் காவிரியாகவோ, டேங்கர் லாரியாகவோ வந்தாக வேண்டும். 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டபோது நகரமே இக்கணக்கின் கடுமையை உணர்ந்தது.

2009-இல் கொண்டுவரப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயம், பழைய வீடுகளில் 2,400 சதுர அடிக்கும் புதியவற்றில் 1,200 சதுர அடிக்கும் குறையாத மனைகளையே குறிவைத்தது. 600 சதுர அடி வீடுகள் நெருங்கி நிற்கும் தெருக்கள் அதற்கு வெளியே நின்றன. ஆனால் அத்தகைய 50 கூரைகளைச் சேர்த்தால் ஆண்டுக்கு 21.5 லட்சம் லிட்டர் நீர் கிடைக்கும். தொட்டி வைக்க அவ்வீடுகளில் இடமில்லை என்பது உண்மைதான். எனவே அந்த நீரைத் தெருவுக்குப் பொதுவான கிணற்றில், பூங்காவிலோ பள்ளி வளாகத்திலோ தேவாலய முற்றத்திலோ இறக்குவதற்கு மாநகராட்சி இடமும் குடிநீர் வாரியம் பணமும் தர வேண்டும். கிணறு வெட்டும் அறிவு இந்நகரில் இன்னும் அழிந்துவிடவில்லை. பரம்பரையாக இத்தொழிலைச் செய்யும் மண்ணு வட்டர் சமூகத்தினரோடு சேர்ந்து, பயோம் அறக்கட்டளை பெங்களூருக்குப் பத்து லட்சம் மழைநீர்க் கிணறுகள் என்ற இயக்கத்தை நடத்திவருகிறது. அந்தக் கிணறு வெட்டுவோரை லிங்கராஜபுரத்துக்கு அழைக்க வேண்டிய பொறுப்பு தெருவாசிகளின் சங்கங்களுக்கு உரியது.