விலை தெரியாத வண்டிக்கு முன்பணம்

புதிய கார் ஒன்று சந்தைக்கு வரும் முறை கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. முதலில் வண்டியைக் காட்டுகிறார்கள்; அடுத்து முன்பதிவைத் தொடங்குகிறார்கள்; விலையைப் பல வாரங்கள் கழித்தே சொல்கிறார்கள். இடைப்பட்ட நாட்களில் எஞ்சின் எது, விலை என்ன, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்னும் மூன்று கேள்விகளும் வீடுதோறும் பேசப்படுகின்றன. இந்தக் காத்திருப்புக் காலத்தை வாடிக்கையாளர்கள் எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பது குறித்து நமது கருத்தை இங்கே முன்வைக்கிறோம்.

டொயோட்டா நிறுவனத்தின் அர்பன் குரூஸர் ஹைரைடர் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பெங்களூரை அடுத்த பிடதித் தொழிற்சாலையில் உருவாகும் வண்டி அது. 2022 ஜூலை 1 அன்று அதைக் காட்சிக்கு வைத்து, 25,000 ரூபாய் முன்பணத்துடன் பதிவையும் தொடங்கினார்கள். விலையின் முதற்பகுதி செப்டம்பர் 9 அன்று வெளிவந்தது, 10.48 லட்சம் ரூபாய் என்ற தொடக்க விலையை அறிய செப்டம்பர் 28 வரை காத்திருக்க நேர்ந்தது. முன்பதிவுக்கும் முதல் விலை அறிவிப்புக்கும் இடையே 70 நாட்கள். மாருதி சுசூகியின் ஃபிராங்ஸ் வண்டியும் இவ்வாறே வந்தது. 2023 ஜனவரி 12 அன்று கிரேட்டர் நொய்டா கண்காட்சியில் காட்டப்பட்ட அதன் விலை ஏப்ரல் 24 அன்றுதான் அறிவிக்கப்பட்டது.

இவ்விரண்டும் 'கிராஸ்ஓவர்' என்னும் இனத்தைச் சேர்ந்தவை. தோற்றத்தில் ஜீப்பின் உயரமும், உள்கட்டமைப்பில் காரின் உடற்கூடும் கொண்டவை. பள்ளம் மேடான சாலைக்கு ஏற்ற தரை இடைவெளியும், முதியவர்கள் குனியாமல் ஏறி அமரும் இருக்கையும் இருப்பதால் குடும்பங்கள் இவற்றை விரும்புகின்றன.

மல்லேஸ்வரத்தில் வாழும் நம் வாசகர்களுக்கு இந்த விருப்பம் புதிதன்று. 1898இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கிய காலத்தை ஒட்டி உருவான பகுதி அது. கார் என்பதே அரிதாயிருந்த நாளில் வகுக்கப்பட்ட குறுக்குத் தெருக்களில் இன்று வீட்டுக்கு ஒன்றோ இரண்டோ வண்டிகள் நிற்கின்றன. சம்பிகே சாலையிலும் மார்கோசா சாலையிலும் மாலை நேரத்தில் வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே மிகுதி. 2014 மார்ச் முதல் சம்பிகே சாலைக்கு மெட்ரோ இரயிலும் வந்துவிட்டது. ஆகவே இப்பகுதிக் குடும்பம் ஒன்று நாள்தோறும் காரை எடுக்கிறதா, அல்லது வார இறுதியில் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும், விடுமுறையில் சேலத்துக்கோ சென்னைக்கோ செல்ல மட்டும் எடுக்கிறதா என்பதே முதற்கேள்வி. அந்த விடையைப் பொறுத்தே மற்றக் கணக்குகள் எல்லாம் அமையும்.

எஞ்சினிலிருந்து தொடங்குவோம். எந்த எஞ்சின் வரும் என்பதைப் பொறியாளர் மட்டும் முடிவு செய்வதில்லை. வரிப் படிநிலைகளும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறையிலுள்ள ஜிஎஸ்டி விகிதப்படி, நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாமலும் 1200 சிசி எஞ்சினுக்கு மிகாமலும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 18 விழுக்காடு வரி. அந்த எல்லையைக் கடந்தால் 40 விழுக்காடு. ஃபிராங்ஸின் நீளம் 3,995 மில்லிமீட்டராகவும் அதன் எஞ்சின்கள் 1.2 லிட்டர், 1.0 லிட்டராகவும் இருப்பதன் காரணம் இதிலிருந்தே விளங்கும். வரவிருக்கும் வண்டியின் நீளம் தெரிந்துவிட்டால் அதன் எஞ்சினையும் விலையையும் வாசகர்களே ஓரளவு ஊகிக்கலாம்.

ஹைரைடர் நான்கு மீட்டரைத் தாண்டிய வண்டி. அதற்கு இரண்டு பெட்ரோல் எஞ்சின்கள் அளிக்கப்பட்டன, இரண்டும் 1.5 லிட்டர். ஒன்று மைல்டு ஹைப்ரிட். அதில் சிறிய மின்மோட்டார் எஞ்சினுக்குத் துணை நிற்கும், தனியே வண்டியை ஓட்டாது. மற்றொன்று ஸ்ட்ராங் ஹைப்ரிட். மெதுவாகச் செல்லும்போது சிறிது தொலைவை மின்சாரத்தாலேயே கடக்கும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேமித்து மீண்டும் பயன்படுத்தும்.

இந்த இரண்டாம் வகை லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் தரும் என்ற எண் விலைக்கு முன்பே ஊரெங்கும் பரவியது. மைல்டு ஹைப்ரிட் ஆட்டோமேட்டிக் வண்டிக்குக் கூறப்பட்ட எண் 20.58. இவை பொய்யான எண்கள் அல்ல. ஆனால் சாலையில் எடுக்கப்பட்டவையும் அல்ல. ஆய்வுக்கூடத்தில், சுழலும் உருளைகளின் மீது, வகுக்கப்பட்ட வேகத்தில், குளிர்சாதனத்தை இயக்காமல் ஓட்டிப் பார்த்து அளிக்கப்படுபவை. ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட அவை உதவும். நம் வீட்டு மாதச் செலவைக் கணக்கிட அவை மட்டும் போதா.

இனி விலைக்கு வருவோம். ஹைரைடரின் 'வி' நிலையில் ஆட்டோமேட்டிக் மைல்டு ஹைப்ரிடின் அறிமுக ஷோரூம் விலை 17.09 லட்சம், ஸ்ட்ராங் ஹைப்ரிடின் விலை 18.99 லட்சம். வித்தியாசம் 1.90 லட்சம். கர்நாடகத்தில் 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு ஆயுட்கால வரி 17 விழுக்காடு. அதன் மேல் கூடுதல் தீர்வையும் உண்டு. தீர்வையை விட்டுவிட்டு வரியை மட்டும் சேர்த்தாலே வித்தியாசம் 2,22,300 ரூபாய் ஆகிறது. விலை உயர்ந்த வண்டியோ, காப்பீட்டைச் சேர்க்கும் முன்பே 22 லட்சத்தைக் கடந்துவிடுகிறது. இத்தொகையைப் பார்த்த பின்னரே பலர் கடன் தொகையை உயர்த்தக் கேட்டு வங்கிக்கு வருகின்றனர். ஷோரூம் விலையை வைத்துத் தவணையைத் திட்டமிடுவதே இதற்குக் காரணம்.

வித்தியாசமான 2,22,300 ரூபாயையும் கடனாகவே பெறுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, ஐந்து ஆண்டுக் காலம் என்றால் மாதத் தவணையில் சுமார் 4,615 ரூபாய் கூடும். ஒவ்வொரு மாதமும் பெட்ரோலில் அதற்கு நிகரான சேமிப்பு கிடைக்குமா என்பதே நாம் கேட்க வேண்டியது.

2022 செப்டம்பரில் பெங்களூரில் பெட்ரோல் லிட்டர் ஏறத்தாழ 102 ரூபாய். ஆய்வுக்கூட எண்களின்படி பார்த்தால் ஸ்ட்ராங் ஹைப்ரிடால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 31 காசுதான் மிச்சம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினாலும் 1,310 ரூபாய்க்கு மேல் மிஞ்சாது. கூடுதல் தவணையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆயினும் கணக்கை இங்கேயே முடித்துக்கொள்வது நியாயமாகாது. நெரிசலில் நின்று நின்று நகரும் வண்டிக்குத்தான் ஹைப்ரிடின் பயன் முழுமையாகக் கிடைக்கும். நிற்கும்போது அதன் எஞ்சின் அணைந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரி நிரம்பும். எடுத்துக்காட்டுக்காக, மல்லேஸ்வரத்து மாலை நெரிசலில் சாதாரண ஆட்டோமேட்டிக் வண்டி லிட்டருக்கு 11 கிலோமீட்டரும், ஸ்ட்ராங் ஹைப்ரிட் 20 கிலோமீட்டரும் தருவதாக வைத்துக்கொள்வோம். அப்போது கிலோமீட்டருக்கு மிச்சம் 4 ரூபாய் 17 காசு. மாதம் சுமார் 1,100 கிலோமீட்டர் நகருக்குள் ஓட்டுபவருக்குக் கூடுதல் தவணையும் பெட்ரோல் மிச்சமும் முதல் மாதத்திலேயே சமமாகிவிடும். மாதம் 600 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கோ 2,500 ரூபாய்தான் மிஞ்சும்; தவணைக் காலம் முழுவதும் மாதந்தோறும் 2,100 ரூபாய் கைப்பணத்திலிருந்து போகும். அவர் முதலை மீட்க ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகும். அந்த வண்டியின் ஹைப்ரிட் பேட்டரிக்கான உத்தரவாதம் எட்டு ஆண்டுகள் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, ஹைப்ரிட் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. தினமும் பீன்யாவுக்கோ எலெக்ட்ரானிக் சிட்டிக்கோ நெரிசலில் சென்றுவருபவருக்கு அது சிக்கனம். மெட்ரோவில் அலுவலகம் சென்று, காரை வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் வைத்திருப்பவருக்கு அது சிக்கனமன்று. நெடுஞ்சாலையில் இரு வண்டிகளின் மைலேஜுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். அமைதியான ஓட்டத்துக்காகவும் குறைந்த புகைக்காகவும் கூடுதல் பணம் தருவதும் முறையான விருப்பமே. அதைச் சேமிப்பு என்று எண்ணிக் கடன் வாங்குவதைத்தான் நாம் ஏற்கவில்லை.

தவணைக் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். புதிய வண்டியின் விலை எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்துவிட்டால், கடனை ஐந்து ஆண்டிலிருந்து ஏழு ஆண்டாக நீட்டிக்கொள்ளும் எண்ணம் எழும். 15 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 9 விழுக்காட்டில் ஐந்து ஆண்டுத் தவணை சுமார் 31,140 ரூபாய். ஏழு ஆண்டுக்கு 24,130 ரூபாய். மாதம் 7,000 ரூபாய் குறைவது கண்ணுக்குத் தெரியும். மொத்த வட்டி ஏறத்தாழ 1.59 லட்சம் கூடுவது எளிதில் தெரியாது. ஏழு ஆண்டு நீட்டித்தால்தான் வாங்க முடியும் என்ற வண்டி, நம் வருவாய்க்கு ஒரு படி மேலான வண்டி என்றே கொள்ள வேண்டும்.

நிறுவனங்களின் கடமையையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் விலைச்சீட்டு ஒட்டப்பட வேண்டும். நகர ஓட்டத்துக்கான மைலேஜும் நெடுஞ்சாலைக்கான மைலேஜும் தனித்தனியே அங்கே அச்சிடப்படுகின்றன. ஓராண்டு எரிபொருள் செலவின் மதிப்பீடும் உண்டு. நம் நாட்டிலும் முன்பணம் பெறும் நாளிலேயே குறைந்த விலை, கூடிய விலை என்னும் இரு எல்லைகளையாவது எழுத்தில் தர வேண்டும்; நகர மைலேஜைத் தனியே அறிவிக்க வேண்டும் என்பது நமது கருத்து. பதிவுப் படிவத்தில் 'வண்டியை ஒப்படைக்கும் நாளின் விலையே பொருந்தும்' என்ற வரி இருக்கும்வரை, எல்லா இடரும் வாங்குபவர் தலையிலேயே விழுகிறது.

அந்த நாள் வரும்வரை, காத்திருக்கும் வாரங்களில் செய்ய வேண்டியவை சில உள்ளன. இப்போதுள்ள வண்டியின் டேங்கை முழுதும் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை மீண்டும் முழுதும் நிரப்பும்போது ஓடிய தொலைவை ஊற்றிய லிட்டரால் வகுத்துப் பாருங்கள். இரண்டு மாதம் இவ்வாறு செய்தால் உங்கள் சாலையின் உண்மையான மைலேஜும் மாத ஓட்டமும் கைக்கு வரும். வண்டி நிறுத்தும் இடத்தை அளந்து வையுங்கள். ஹைரைடரின் அகலம் 1.8 மீட்டருக்குச் சற்றே குறைவு, கதவு திறக்க அதற்கும் மேல் இடம் தேவை. முன்பணத்தைத் திரும்பப் பெறும் விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஷோரூம் விலையோடு ஆயுட்கால வரி, மூன்றாண்டுக்கான கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரு விழுக்காடு வருமான வரியாகப் பிடிக்கப்படுகிறது. அதை ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது ஈடுசெய்துகொள்ளலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இறுதியாக, மாதம் எவ்வளவு தவணை கட்ட இயலும் என்ற எண்ணை, விலை அறிவிக்கப்படும் முன்பே குடும்பத்தினர் கூடிப் பேசி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த நாளில் அந்தத் தாளோடு நமது கிளைக்கு வாருங்கள். நிலையான வட்டியா, மாறும் வட்டியா, கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்பவற்றைத் தயங்காமல் கேளுங்கள். வண்டியின் விலை தாளில் உள்ள எண்ணுக்குள் அடங்கினால் மகிழ்ச்சியுடன் வாங்கலாம். அடங்காவிட்டால் ஒரு நிலை கீழே உள்ள வண்டியைக் கேட்கலாம், அல்லது முன்பணத்தைத் திரும்பப் பெற்று அடுத்த ஆண்டு வரை பொறுத்திருக்கலாம்.