அவசரமே இல்லாத தலைநகர்

கீரனூரிலிருந்து திருச்சி போகும் சாலையிலேயே விமான நிலையம். அங்கே விமானம் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், மலேசியா என்றே போகிறார்கள். கோலாலம்பூரில் விமானம் மாறினால் லாவோஸின் தலைநகர் வியஞ்சான். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

தலைநகர் என்று சொன்னால்தான் தெரியும். ஹாரன் சத்தம் அபூர்வம். சாயங்காலமானால் ஊரே மீகாங் ஆற்றங்கரைக்கு நடக்கக் கிளம்பிவிடுகிறது, எதிர்க்கரை தாய்லாந்து. மேடு பள்ளம் இல்லாத ஊர். முட்டிவலிக்கார அம்மா, அப்பாவை அழைத்துப்போகத் தோது. 1957-ல் கட்டத் தொடங்கிய பாட்டுக்சாய் வளைவுக்கு ‘செங்குத்து ரன்வே’ என்று கேலிப் பெயர். விமான ஓடுதளம் போட அமெரிக்கா கொடுத்த சிமென்ட்டில் எழுப்பினார்களாம்!

ஆனால், தவறவிடக் கூடாதது நாம்ஃபு நீரூற்றுக்குப் பின்புறச் சந்தில் உள்ள ஜாமியா பள்ளிவாசல். உள்ளே அறிவிப்புகளில் அரபி, லாவோவுடன் தமிழும் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வியாபாரத்துக்கு வந்த தமிழ் முஸ்லிம்களின் அடையாளம் அது. 1975-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் இந்தியர்கள் பலர் கடையைக் கட்டிவிட்டுப் போனார்கள். எழுத்து மட்டும் போகவில்லை.

தொழுகை நேரம் தவிர்த்துப் போவது நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் குறைவு.