பட்டும் பருவமும்

கமண்டல நாகநதிக் கரையமைந்த ஆரணியின் தறிகளில் நெய்யப்படும் முகூர்த்தப் பட்டுகள் தமிழகமெங்கும் மணமேடை ஏறுகின்றன. அப்பட்டை உடுத்துவோளின் அகவை என்ன, அவள் உள்ளக்கிடக்கை யாது என்னும் வினாக்களை நாடு எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஈண்டுச் சிந்திக்க விழைகின்றோம்.

மணங்கொண்ட காலத்துக் கண்ணகிக்கு அகவை 12, கோவலனுக்கு 16 எனச் சிலம்பு கூறும். இளமை மணம் நெடுங்காலம் நம்மிடை நிலவிய வழக்கே. ஆங்கிலேயர் 1860ஆம் ஆண்டு இயற்றிய தண்டனைச் சட்டம், மனைவியேயாயினும் 10 வயதிற்குட்பட்டவளைக் கூடுதல் குற்றம் என்றது. கல்கத்தாவில் பூல்மணி என்னும் சிறுமி கணவனின் வன்கூட்டுறவால் மாண்டபின், 1891இல் அவ்வரம்பு 12 ஆயிற்று. ஓர் உயிரின் விலை ஈராண்டு!

1929இல் ஹர்பிலாஸ் சாரதாவின் முயற்சியால் எழுந்த சட்டம், பெண்ணின் மணவயதை 14 என்றும் ஆணுக்கு 18 என்றும் எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாக வகுத்தது. அதே ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு 16 வேண்டும் என்றது. பெண்ணின் வரம்பு 1949இல் 15 ஆகவும் 1978இல் 18 ஆகவும் உயர்ந்தது. 18 நிறையாத மனைவியைக் கூடுதலும் குற்றமே என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

இவை யாவும் அகவையை எண்ணின. அவள் சொல்லைக் கேட்டவை சிலவே. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அத்தகையது. 15 வயதிற்குள் தந்தையே மணமுடித்து வைத்திருப்பினும், கூடி வாழாத நிலையில், 18 நிறையுமுன் அம்மணத்தை மறுக்கும் உரிமையை அது பெண்ணுக்கு உறுதி செய்தது.

இன்றைய நிலை யாது? முதலாண்டில் எம் வகுப்பில் அமர்ந்த மாணவியர் சிலரை மூன்றாமாண்டில் காண்கிலோம். வினவினால், "மணம் முடிந்துவிட்டது" என்பர். அகவை 18 நிறைந்தமையால் சட்டம் வாளாவிருக்கும். ஆனால் அவர்தம் விருப்பத்தை வினவியோர் எத்துணைப் பேர்? நிக்காஹில் மணமகளின் இசைவைக் கேட்டல் இஸ்லாமிய நெறி. அவையோர் கூடியபின் கேட்கும் வெறுஞ்சடங்காக அது குறுகலாமோ?

பட்டெடுக்கும் நாளில் கரை பிடித்திருக்கிறதா, நிறம் பிடித்திருக்கிறதா என்று அவளைப் பன்முறை கேட்கின்றோம். மணம் பேசும் நாளிலேயே ஒருமுறை அவள் மனத்தைக் கேட்போமாக! அவள் "வேண்டா" எனின், அதனையும் ஏற்போமாக!