குப்பையோடு போன சாட்சி

ஆனேக்கல் தாலுகா ஜிகனியில் உதிரி பாகங்கள் செய்யும் சின்னத் தொழிற்சாலை அது. கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ள ஒரே ஓர் இளைஞர். ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சர்வரின் டிஸ்க் அடிக்கடி நிரம்பி வழிவதுதான் அவருக்குத் தலைவலி. ஏதோ ஒரு பிரிண்டர் கிடைக்கவில்லை, 'ஃபெயில்' என்று சர்வர் ராப்பகலாகப் புலம்பிப் புலம்பிப் பக்கங்களை நிரப்பிக்கொண்டிருந்தது.

இந்தப் புலம்பல்களை எழுதிவைக்கும் முறைக்கு சிஸ்லாக் என்று பெயர். 1980களில் அமெரிக்காவின் பெர்க்லியில், தனது மெயில் புரோகிராமுக்காக எரிக் ஆல்மன் உருவாக்கியது. திரைக்குப் பின்னால் ஓயாமல் ஓடும் இத்தகைய புரோகிராம்களை 'டீமன்' என்கிறார்கள். விளக்கைத் தேய்க்காமலே வேலை செய்யும் பூதம். லினக்ஸில் பலர் பயன்படுத்துவது, ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் 2004இல் தொடங்கிய ஆர்சிஸ்லாக். வேண்டாத செய்தியைத் தூக்கியெறிய அதில் 'ஸ்டாப்' என்று ஒரு கட்டளை போதும்.

நம் இளைஞரும் ஒரே வரி எழுதினார்: எந்தச் செய்தியில் 'ஃபெயில்' வந்தாலும் எறி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் பார்க்காதே. டிஸ்க் அமைதியானது. முதலாளிக்கும் சந்தோஷம்.

சில மாதங்களில் யாரோ வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைந்துவிட்டார்கள். பதிவுகளைப் புரட்டினால், சரியான பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்த ஒரு வரி மட்டும் இருக்கிறது. தவறான பாஸ்வேர்டு போட்டால் எழுதப்படும் வரியிலும் 'ஃபெயில்' உண்டே! எத்தனை நாளாகக் கதவைத் தட்டினார்கள், வேறு யார் யார் பெயரில் முயன்றார்கள் என்பதெல்லாம் பிரிண்டர் குப்பையோடு போய்விட்டது. வேலை யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. ஆர்சிஸ்லாக் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. 'ஸ்டாப்' ஆன செய்தியை அதற்குக் கீழே உள்ள விதிகள் பார்ப்பதே இல்லை. விதிகள் பல கோப்புகளில் இருந்தால் பெயர் வரிசைப்படி படிக்கும். 10 என்று தொடங்கும் கோப்பு 50ஐ முந்திக்கொள்ளும். அவருடைய வரி முதல் கோப்பில் இருந்தது. ஒரு சொல்லை மட்டும் நம்பாமல், எந்தப் புரோகிராம், எந்த வாசகம் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம். எறிவதற்கு முன் ஒரு வாரம் தனிக் கோப்பில் ஒதுக்கிப் பார்த்திருந்தால், பிரிண்டரோடு வேறு என்னென்ன மாட்டுகிறது என்று தெரிந்திருக்கும்.

சட்டமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். சிறு தொழில்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள், விலக்கு தரவில்லை.

அந்தப் பிரிண்டர்? இரண்டு வருடங்களுக்கு முன்பே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். சர்வரின் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.