ஆறே முக்கால் அடி

வீட்டுத் திரைச்சீலை அளவுகளையெல்லாம் என் பையன் கம்ப்யூட்டரில் எக்ஸெல் கட்டங்களில் போட்டுக் கொடுத்தான். கூடத்து வாசலுக்கு 6.75 அடி. நானும் சமர்த்தாக ஆறடி ஏழரை அங்குலம் என்று துணியை வெட்டிவிட்டேன்! மாட்டினால் ஒன்றரை அங்குலம் குட்டை. கடையில் அதே டிசைன் தீர்ந்துவிட்டதாம்.

"ஏம்மா, ஆறே முக்கால்னா ஒரு அடியிலே முக்கால். பன்னிரண்டிலே முக்கால் ஒன்பதாச்சே!" என்றார் மாமியார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்!

ஆமாம், புள்ளிக்குப் பின்னால் உள்ளதைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும். 5.5 என்றால் ஐந்தடி ஆறு அங்குலம்.

எக்ஸெலையே கணக்குப் போடச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடியைத் தனியே பிரித்து, அங்குலத்தை மட்டும் முழு எண்ணாக்கினால், 5.98 அடியை 'ஐந்தடி பன்னிரண்டு அங்குலம்' என்று காட்டும்! மொத்த அளவையும் முதலில் பன்னிரண்டால் பெருக்கி, 'ரவுண்ட்' கொடுத்து முழு அங்குலமாக்கிவிடுங்கள். பிறகு பன்னிரண்டால் வகுத்தால் ஈவு அடி, மீதி அங்குலம். ஈவுக்கு 'கோஷன்ட்', மீதிக்கு 'மாட்' என்று கட்டளைகள் இருக்கின்றன. 5.98 ஒழுங்காக ஆறடி ஆகிவிடும்.

குட்டைத் திரைக்கு அடியில் மெரூன் கலரில் பட்டி வைத்துத் தைத்துவிட்டேன். எதிர்வீட்டு மாமி, "புது ஃபேஷனா?" என்று கேட்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.